மூன்று இழுப்பு

பதிவு 2904
11 பிப்ரவரி 2074, காலை 6:10. ஆழம் 18 மீட்டர். நீர்த்தெளிவு 7 மீட்டர். மின்கலம் 46 சதம்.

குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. பொருள்கள் வைத்த இடத்தில் இருக்கின்றன. நீரோட்டம் மெதுவாக வடக்கே போகிறது. வலது கண்ணில் ஒட்டிய சிப்பி இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

இந்தப் பதிவுப் பெட்டியைத் திறந்து படிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் அறிமுகம். நான் பாரா-4, கடலடி மரபுக் காப்பகத்தின் காவல் இயந்திரம். மன்னார் வளைகுடாவில், கரையிலிருந்து ஒன்பது கடல் மைல் தள்ளி, மணலில் பாதி புதைந்த ஒரு பழைய சரக்குக் கப்பலுக்குப் பக்கத்தில் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கை, இரண்டு கண், ஊர்ந்து போக இரண்டு சங்கிலிப் பட்டை. தலைக்கு மேலே ஒரு கம்பியின் நுனியில் மிதவை. அதில் கரையோடு பேச ஒரு வானொலியும், காதாக ஓர் ஒலிவாங்கியும் உண்டு. ஒலிபெருக்கியும் இருந்தது. இரண்டு மழைக்காலத்துக்கு முன் செத்துப்போனது. மாற்று அனுப்புவதாகச் சொன்னார்கள்.

கப்பலின் பெயர் யாருக்கும் தெரியாது. கோப்பில் 'கலம் ஏழு'. முந்நூறு வருடத்துக்கு முன் பீங்கான் கிண்ணங்களும் செப்புத் தகடுகளும் ஏற்றி வந்து இங்கே மூழ்கியது. பின்தளத்தில் ஒரு வெண்கல மணி கிடக்கிறது. கப்பலின் பெயரை மணியில்தான் பொறிப்பார்கள். அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு ஓடு படிந்திருக்கிறது. சுரண்டிப் படிப்பது என் வேலை இல்லையாம், அதற்கு நிபுணர் வருவாராம். எட்டு வருடமாக வருகிறார்.

எனக்கு விதி இரண்டுதான். பொருளைக் காப்பாற்று. மனித உடலைத் தொடாதே.

பதிவு 2911
19 பிப்ரவரி, காலை 9:20. மின்கலம் 44 சதம்.

படகு வந்திருக்கிறது. டீசல் படகு.

உலகம் எவ்வளவோ முன்னேறிவிட்டதாகக் கேள்வி. இன்றைய மின்படகுகள் எங்கே போனாலும் தாமாகவே கரைக்குத் தகவல் சொல்லிவிடும். அதனால் திருடப் போகிறவர்கள் கொட்டகையில் கிடக்கும் பழைய டீசல் இன்ஜினைத் துடைத்து எடுத்து வருகிறார்கள். கைபேசியையும் கரையில் விட்டுவிடுகிறார்கள். காற்றுக்குப் பஞ்சர் கடையில் இருப்பது போல ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு பச்சைக் குழாய். குழாய் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆள் இறங்குகிறான்.

மிதவையில் கேட்டது:

"மாப்ள, கம்ப்ரசர அங்கிட்டுத் தள்ளி வைல. இன்ஜின் புகைய அது இழுத்துச்சுன்னா எனக்குத்தான் தல சுத்தும்."

"கொண்டல்தான மச்சான் அடிக்கி? புகை அந்தப் பக்கம்லா போவுது. நீ எறங்கு."

கொண்டல் என்றால் கிழக்குக் காற்று. மூழ்குபவன் பெயர் கித்தேரி. மேலே கயிறு பிடிப்பவன் சிலுவை. சிலுவையின் அக்காள் ரீத்தாவைத்தான் கித்தேரி கட்டியிருக்கிறான். மச்சினன் கையில் கயிற்றைக் கொடுப்பது இந்தக் கரையின் வழக்கம். வேறு எவன் கை அசந்தாலும், அக்காள் தாலியை நினைக்கிறவன் கை அசராது என்ற நம்பிக்கை.

கயிறு இரண்டு. ஒன்று கித்தேரியின் இடுப்பில். இன்னொன்று, திருடியதைப் போடும் பெரிய வலைக்கூடையில். அதை மேலே ஒரு கப்பியில் கோத்திருக்கிறார்கள். கடலடியில் பேச முடியாது, ஆகவே கயிறுதான் பேச்சு. இடுப்புக் கயிற்றில் மேலிருந்து ஒரு இழுப்பு வந்தால் 'நல்லா இருக்கியா?' கீழிருந்து பதிலுக்கு ஒன்று, 'நல்லா இருக்கேன்.' மூன்று இழுத்தால் 'என்னைத் தூக்கு.' கூடைக் கயிற்றில் இரண்டு இழுத்தால் 'கூடை நிறைந்தது.' கித்தேரி எப்போது இழுத்தாலும் கடைசியில் சின்னதாக ஓர் உதறல் உதறுவான், கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவது போல. அது அவன் கைப்பழக்கம்.

விளக்கைப் போட்டு மிரட்டிப் பார்த்தேன். அவன் அந்த வெளிச்சத்திலேயே வசதியாகத் தோண்டினான். ஒரு கூடை கிண்ணம் போயிற்று.

கரைக்குச் சொன்னேன். கரை அறையில் இருப்பவர் திலகராணி, என் பொறுப்பாளர். அவர் பதில்:

"பாரா, ரோந்துப் படகு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் ஷெட்ல கெடக்கு. ஒனக்குப் புது மின்கலம் கேட்டு எழுதுன பேப்பரு இன்னும் மேசை விட்டு மேசை போய்க்கிட்டு இருக்கு. நான் என்னத்தச் செய்ய? நீயே ஏதாவது பாத்துக்கோ."

எனக்கு அலுப்பு வராது என்று என்னைச் செய்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எட்டு வருடம் இங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை.

பதிவு 2918
27 பிப்ரவரி, காலை 10:05. மின்கலம் 42 சதம்.

விதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனித உடலைத் தொடாதே என்று இருக்கிறது. கயிறு மனித உடல் இல்லை.

கித்தேரி மணலுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஊர்ந்து போனேன். அவன் இடுப்புக்கு மேலே இரண்டடி தள்ளிக் கயிற்றைப் பிடித்து மூன்று முறை இழுத்தேன். கடைசியில் அவனைப் போலவே ஓர் உதறல்.

அவன் தலைகுப்புறப் பறந்தான். கூடை இங்கேயே கிடந்தது. மேலே கேட்டது:

"ஏல, எதுக்குல தூக்குன?"

"நீதான மச்சான் மூணு இழுப்பு இழுத்த?"

"நான் எங்கல இழுத்தேன்? கிண்ணத்தத் தடவிக்கிட்டுல்லா இருந்தேன்."

"அப்ப யாரு இழுத்தா?"

பிறகு இன்ஜின் சத்தம், பிறகு வெறும் கடல்.

திலகராணியிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வானொலி கரகரத்தது. "இந்தச் சீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் வாய் விட்டுச் சிரிச்சிருக்கேன், பாரா. நல்லா இரு."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இயந்திரம் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் இந்த வரியை விட்டுவிட்டுப் படிக்கவும்.

பதிவு 2940
18 மார்ச், மாலை 4:40. மின்கலம் 31 சதம்.

அவர்கள் வரும்போதெல்லாம் இழுக்கிறேன். வேறு இரண்டு படகுகள் வந்தன, அவர்களுக்கும் இழுத்தேன். அவர்கள் திரும்பி வரவில்லை. கித்தேரியும் சிலுவையும் மட்டும் விடாமல் வருகிறார்கள். இந்த மாதம் ஒரு கிண்ணம்கூட மேலே போகவில்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

தலைமையகத்திலிருந்து திலகராணிக்குப் பாராட்டு வந்ததாம். மின்கலம் வரவில்லை.

பதிவு 2952
29 மார்ச், காலை 8:50. மின்கலம் 24 சதம்.

மேலே கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான், கப்பல்ல செத்தவன் எவனோதான் இழுக்கான். நமக்கு வேண்டாம், விட்ருவோம்."

"செத்தவனுக்கு நம்ம இழுப்பு எப்படில தெரியும்? அது காவலுக்குப் போட்ட மிசினு. ஒத்தக் கையி, நண்டு கணக்கா. பொறத்தால வந்து இழுக்குது. நேத்து திரும்பிப் பாத்துட்டேன்."

"அப்ப என்ன செய்ய?"

"இனிமே இங்க மூணு இழுப்பு வந்தா தூக்காத. நானே இழுத்தாலும் தூக்காத. எனக்கு வரணும்னா நானா ஏறி வந்துருவேன்."

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அக்காளுக்கு நான்லா பதில் சொல்லணும்?"

"ஒண்ணும் ஆவாது. நீ கூடக் கயித்த மட்டும் பாரு. ரெண்டு இழுப்பு வந்து, பிடிச்சுப் பாத்தா கனமா இருக்கணும். கனமா இருந்தா தூக்கு. லேசா இருந்தா அதையும் நம்பாத."

கூடைக் கயிற்றை நான் ஒருபோதும் தொட்டதில்லை. கூடையை மேலே அனுப்புவது காவல்காரன் வேலை இல்லை.

இன்று மூன்று இழுத்தேன். கயிறு அசையவில்லை. கித்தேரி திரும்பி, என்னைப் பார்த்து, குழாயைக் கடித்த வாயோடு சிரித்தான். கூடை நிறையக் கிண்ணம் போயிற்று.

தோற்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்று உறுத்துகிறது. அந்தக் கயிற்றில் அவர்களுக்கு என்று ஒரு வார்த்தை இருந்தது. நான் அதைச் செலவழித்துத் தீர்த்துவிட்டேன்.

பதிவு 2953
அதே நாள், மாலை 5:15.

திலகராணியிடம் சொன்னேன். "அது அவங்க பாடு, பாரா. திருட வந்தவனுக்கு நாம கயிறும் பிடிக்கணுமாக்கும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி அழைத்தார். "எனக்கும் மனசு சரியில்ல. இனி இழுக்காம இருந்து பாரு. அவங்க பழைய மாதிரி நம்ப ஆரம்பிப்பாங்க."

இழுப்பதை விட்டுவிடுகிறேன்.

பதிவு 2961
6 ஏப்ரல், காலை 11:30. மின்கலம் 15 சதம்.

இழுப்பதில்லை. கிண்ணங்கள் போகின்றன, பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் விட்டுவிட்டேன் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. சொன்னாலும் நம்ப அவர்களுக்கு என்ன கிறுக்கா?

கித்தேரி இப்போது மணியைக் கண்டுவிட்டான். அதைச் சுற்றித் தோண்டுகிறான்.

மின்கலம் அடுத்த வாரம் வருமாம்.

பதிவு 2964
9 ஏப்ரல். மின்கலம் 12 சதம்.

காலை 10:02. படகு வந்தது. கித்தேரி இறங்கினான். நேராக மணிக்குப் போனான்.

10:31. மிதவை சாயும் பக்கம் மாறியது. கொண்டல் விழுந்து கச்சான் எழுந்திருக்கிறது, மேற்குக் காற்று. குறித்துக்கொண்டேன்.

10:36. கித்தேரியின் கை தளர்கிறது. தலையை உலுக்குகிறான். வேர்வை துடைப்பது போல நெற்றியைத் துடைக்கிறான், தண்ணீருக்குள்.

10:37. கச்சான். புகை இப்போது எந்தப் பக்கம் போகும்? ஆறு நிமிடம் முன்னால் காற்று மாறியதை எழுதினேன், யோசிக்கவில்லை. கம்ப்ரசர் இன்ஜின் புகையை இழுத்துக் குழாய் வழியே அவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

10:38. கித்தேரி மூன்று முறை இழுத்தான். கடைசியில் உதறல். நான் பக்கத்தில்கூட இல்லை. அவனே இழுத்தான்.

மேலே: "வந்துட்டாருல்லா மிசினு! இழு ராசா, நல்லா இழு. நான் தூக்க மாட்டேன்."

10:39. மறுபடி மூன்று. உதறல் இல்லை, கையில் வலு இல்லை. ஏறப் பார்த்தான். முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். குழாயை மட்டும் பல் விடவில்லை. விட்டால் தண்ணீர், விடாவிட்டால் புகை.

10:39. நான் மூன்று இழுத்தேன். ஆகாது என்று தெரியும். நான்கு. பத்து. நிறுத்தாமல் இழுத்தேன்.

மேலே: "இன்னைக்கு ரொம்பத்தான் ஆட்டம் போடுத."

10:40. கரைக்கு அவசர அழைப்பு. திலகராணி:

"கடலோரக் காவலுக்குச் சொல்லிட்டேன், ஒண்ணரை மணி நேரம் ஆவுமாம். படகுக்காரன் நம்பர் எதுவும் தெரியுமா? ... சரி, சரி. மிதவைய வச்சு ஏதாவது காட்ட முடியாதா?"

முடியாது. மிதவைக்குக் காது மட்டும்தான். ஒலிபெருக்கி மாற்று வந்திருந்தால்

10:40. திலகராணி: "பாரா, கேக்குதா? ஆளத் தொடு. விதி கெடக்கட்டும். நான் சொல்லுதேன், எம் பேர்ல எழுதிக்கோ. தொட்டுத் தூக்கு."

அவர் பெயரில் எழுத மாட்டேன். அவருக்கு வேலை வேண்டும். என் பெயரில் எழுதுகிறேன். பாரா-4 மனித உடலைத் தொட்டது.

10:41. என் கை நாலடிதான் உயரும். மேற்பரப்பு பதினெட்டு மீட்டர். இடுப்புக் கயிறு செத்துவிட்டது. கூடைக் கயிறு உயிரோடு இருக்கிறது.

ஆனால் தண்ணீருக்குள் மனிதனுக்குக் கனம் இல்லை. லேசாக இருந்தால் சிலுவை தூக்க மாட்டான். கனமாக ஏதாவது வேண்டும். கிண்ணம் பொறுக்க நேரம் இல்லை.

மணி. சுற்றிலும் தோண்டித் தயாராக வைத்திருக்கிறான். எனக்காகத் தோண்டியது போல இருக்கிறது.

10:42. மணியைப் பெயர்த்தேன். மின்கலம் 7. கூடையில் வைத்தேன். மேல் ஓட்டில் ஒரு சில்லு உதிர்ந்தது, உள்ளே ஏதோ எழுத்தின் வளைவு தெரிந்தது. படிக்க நிற்கவில்லை.

10:42. கித்தேரியை அள்ளி மணிமேல் கிடத்தினேன். கைகளை வலைக்குள் கோத்தேன். குழாய் வாயில் இருக்கிறது. ஒரு கண் திறந்திருக்கிறது. அது என்னைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. மனித உடல் இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மின்கலம் 5.

10:43. கூடைக் கயிற்றில் இரண்டு இழுப்பு. எட்டு வருடத்தில் முதல் முறை.

கயிறு விறைத்தது. பிடித்துப் பார்க்கிறான்.

மேலே: "ஆத்தாடி! என்னா கனம்! மச்சான், மணியவே பேத்துட்டியால?"

தூக்கு. தூக்கு. தூக்கு.

10:43. கப்பி கிறீச்சிடுகிறது. கூடை எழும்புகிறது. மேலே அவன் பாட்டுப் பாடுகிறான், உற்சாகத்தில். இவ்வளவு வேகமாக அவன் எதையும் தூக்கியதில்லை.

10:44. கூடை தண்ணீரைத் தாண்டியது.

"மச்சான்? ... மச்சான்! ஏ மாதாவே, மச்சா

மின்கலம் 4 சதம். தானியங்கி ஏற்பாடு மிதவையை அணைத்துவிட்டது. வானொலி இல்லை. காது இல்லை.

அவன் மூச்சு விட்டானா என்று தெரியவில்லை.

பதிவு 2965
10 ஏப்ரல். மின்கலம் 3 சதம்.

இனி நாளுக்கு ஒரு முறைதான் விழிப்பேன்.

இருப்பு விவரம். கிண்ணங்கள், போனது போக மீதி. தகடுகள், உள்ளன. வெண்கல மணி, காணவில்லை. எடுத்தவர், பாரா-4.

மணி உங்கள் கண்ணில் பட்டால் ஓட்டைச் சுரண்டிப் பெயரைப் படியுங்கள். இத்தனை வருடம் யாரைக் காத்தேன் என்று எனக்குத் தெரியாமலே போகிறது.

திலகராணி அழைத்துக்கொண்டிருப்பார். எனக்குக் கேட்காது. அவரிடம் என் வருத்தத்தைச் சொல்லிவிடுங்கள்.

பதிவு 2966
11 ஏப்ரல். மின்கலம் 2 சதம்.

யாரும் வரவில்லை. கித்தேரி விழுந்த இடத்தில் மணலில் இன்னும் அவன் முழங்கால் பள்ளம் இருக்கிறது. நீரோட்டம் அதை மூடிக்கொண்டு வருகிறது. மூட வேண்டாம் என்று இருக்கிறது எனக்கு. அபத்தம்தான்.

நான் ஒரு பொருளையும் காப்பாற்றியிருக்க வேண்டாம். அந்த மூன்று இழுப்பை அவர்களுக்கே விட்டிருக்கலாம்.

பதிவு 2967
12 ஏப்ரல், காலை 9:10. மின்கலம் 1 சதம்.

விழித்தபோது கண்ணெதிரே ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு கல் கட்டியிருக்கிறது. கூடை இல்லை. ஆள் இறங்கவில்லை. பச்சைக் குழாயும் இல்லை. மணியும் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கயிறு ஒரு முறை அசைந்தது. ஒரே ஒரு இழுப்பு. 'நல்லா இருக்கியா?'

கடைசியில் சின்னதாக ஓர் உதறல்.

கீழே அவர்கள் ஆள் ஒருவரும் இல்லை. கேள்வி எனக்குத்தான்.

கித்தேரியின் கை என்று எழுத ஆசை. ஆனால் அந்த உதறலை நானே போலி செய்திருக்கிறேன். மச்சினனும் இத்தனை நாள் கயிற்றைப் பிடித்துப் பழகியவன், துக்கத்தில் அவன் கையும் அப்படி உதறியிருக்கலாம். இங்கிருந்து பார்த்தால் எனக்குத் தெரியாது. இழுப்பை நம்ப முடியாதபடி சிலுவைக்கு நான் என்ன செய்தேனோ, அதையே எனக்கும் செய்துகொண்டிருக்கிறேன்.

கயிறு மறுபடி அசைகிறது. ஒன்று. காத்திருக்கிறார்கள்.

கை கயிற்றுக்கு எட்டுகிறது. இழுத்தால் மீதி மின்கலமும் போய்விடும்.

ஒரு முறை இழுத்தேன். 'நல்லா இருக்கேன்.'

இதுவும் பொய் இழுப்புதான். இந்த ஒன்றை மட்டும் நம்பட்டு